பதிமுகத் தண்ணீர்மேல் போட்ட பழி

எனக்குச் சிவப்பு தெரியும். முப்பது வருஷமாகக் கடியப்பட்டணம் கடற்கரையில் வள்ளங்களுக்குப் பெயின்ட் அடித்து, பெயர் எழுதிப் பிழைக்கிறவன். செங்காவி, ரத்தச்சிவப்பு, தக்காளிச்சிவப்பு, கறுப்பில் ஒரு கால் வைத்து நிற்கிற சிவப்பு எல்லாவற்றையும் டப்பாவைத் திறக்காமலே, மூடியோரம் வழிந்து காய்ந்த பிசிறைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன், ஒரு நாள் மத்தியானம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்குப் பின்னால் ஒதுங்கி ஒண்ணுக்குப் போனபோது, வெள்ளை மணலில் விழுந்தது என்ன சிவப்பு என்று தெரியாதவன் மாதிரி நின்றேன். இந்தக் கதையில் வருகிற முட்டாள்களில் முதல் ஆள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைத் திட்டும்போது எனக்குச் சௌகரியமாக இருக்கும்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்களில் நடந்தது இது. வலி இல்லை. எரிச்சல் இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே அலறிக்கொண்டு ஓடியிருப்பேன். வலிக்காத வியாதிக்கு எங்கள் கரையில் மரியாதை கிடையாது. காலால் மணலைத் தள்ளி அதை மூடிவிட்டு, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, பாதி எழுதி நின்றிருந்த பெயரை முடிக்கப் போனேன்.

வீட்டில் என் மனைவியின் தம்பி வந்திருந்தான். இருபது வருஷமாக மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். லீவுக்கு வந்தால் இரண்டு பெட்டியும், எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயமும் கொண்டுவருவான். மனித உடம்பும் ஒரு வகை ஏசிதான் என்பது அவனுடைய அசைக்கமுடியாத கொள்கை. அவனிடம் போய்ச் சொன்னேன். மனைவியிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் போகவில்லை, ஏசி மெக்கானிக்கிடம் சொன்னேன்.

அவன் உடம்பை நிமிர்த்தி உட்கார்ந்தான். "அத்தான், நீங்க குடிக்கது என்ன வெள்ளம்?"

"பதிமுகம்."

"பொறவு என்ன, பச்சையாட்டா வரும்?"

எங்கள் பக்கத்தில் குடிதண்ணீரை வெறுமனே காய்ச்சுவது குறைச்சல். பதிமுகம் என்ற மரத்தின் சீவலை ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்கவைப்போம். தண்ணீர் ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். சூட்டைத் தணிக்கும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்பார்கள். இந்த ஊரில் பிறந்த நாள் முதல் அதைத்தான் குடிக்கிறேன். ஐம்பத்து மூன்று வருஷம் சும்மா இருந்த பதிமுகம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் திடீரென்று கீழ்வழியாக நிறம் காட்டுமா என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. கேட்கத்தான் இல்லை.

"மேல என்னத்த ஊத்துதோமோ அதுதான் கீழ சொட்டும். ஏசியிலயும் அதுதான் கணக்கு" என்றான்.

எனக்கு உடனே நெஞ்சு லேசாகிவிட்டது. எங்கள் ஊரில் மீன் விற்கிற ஒரு அக்காள் இவனைப் பற்றி ஒருதரம் சொன்னாள்: "அவன் வாயில வல போட்டா மீனு படாது மக்கா, காத்துதான் படும்." அதை ஒரு வள்ளத்தின் பக்கவாட்டில் எழுதிவைக்கலாம் என்று அன்றே தோன்றியது. ஆனால் அந்தக் காற்றுதான் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது. பயந்தவனுக்கு வைத்தியன் வேண்டாம், பயப்படாதே என்று சொல்ல எவனாவது ஒருவன் போதும்.

மூன்றாம் நாள் நிறம் தெளிந்தது. நாங்கள் அதே பதிமுகத்தைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "சொன்னேன்லா" என்று மட்டும் அவன் சொன்னான்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை டீக்கடை பெஞ்சுக்கு விஷயம் போயிற்று. போயிற்று என்ன, நானே கொண்டுபோனேன். ஆனால் எனக்கு என்று சொல்லவில்லை. "நமக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு" என்றேன். பெஞ்சில் இருந்த நாலு பேரும் என் வேட்டியைப் பார்த்துக்கொண்டே அந்தத் தெரிந்த ஆளுக்கு வைத்தியம் சொன்னார்கள்.

"சூடாக்கும். எண்ண தேச்சுக் குளிக்கச் சொல்லு."

"கல்லாக்கும் வோய். வாழத்தண்டு அடிச்சுக் குடிச்சா உருண்டு வந்திரும்."

"கல்லுன்னா உயிரு போற மாதிரி வலிக்கும்லா. அந்த ஆளுக்கு வலிக்குதா?"

"வலி இல்ல" என்றேன்.

"அப்போ சின்னக் கல்லு."

வலித்தால் பெரிய கல், வலிக்காவிட்டால் சின்னக் கல். கல் இல்லை என்று சொல்ல அந்த பெஞ்சில் இடமே இல்லை. இவர்கள் நடுக்கடலில் காற்றின் வாசனையை வைத்து மழையைச் சொல்கிறவர்கள். கரைக்கு வந்து இடுப்புக்குக் கீழே ஒரு சங்கதி என்றதும் மூளையைக் கழற்றி வள்ளத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பத்து நாள் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். கல் எதுவும் உருண்டு வரவில்லை. உள்ளே கல்லே இல்லாதபோது எதை உருட்டும்?

என் மனைவி கண்டுபிடித்தது கக்கூஸ் பீங்கானில். நான் தண்ணீர் ஊற்ற மறந்த ஒரு காலை. அவள் சத்தம் போடவில்லை. சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்து, என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பிடித்தாள்.

"ஏலே, இவருக்கு என்னவுலே?"

அவன் பதிமுகத் தத்துவத்தை ஆரம்பத்திலிருந்து எடுத்து விளக்கினான். அவள் சோறு பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"சரி. நான் குடிக்கதும் அந்த வெள்ளந்தான?"

"ஆமா."

"பிள்ளயும் அதத்தான் குடிக்கி. நீ வந்த நாளுலேருந்து செம்பு செம்பா கவுத்துக. நம்ம யாருக்கும் வராத்த கலரு இவருக்கு மட்டும் எங்கேருந்துலே வருது?"

"ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாடல் இல்லியாக்கா."

"மாடலு! கொள்ளாம்லே. உன் மூளைக்குப் பார்ட்ஸ் கிடைக்குதான்னு மஸ்கட்டுல கேளு."

எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு கரண்டிச் சோறு விழுகிற நேரத்தில் முடித்துவிட்டாள். இத்தனை நாளும் நாங்கள் இரண்டு ஆண்களும் கேட்காமல் பத்திரமாகப் பாதுகாத்த கேள்வி அது.

மறுநாள் பக்கத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூத்திரத்தைச் சோதித்தார்கள். ரத்தம்தான். ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, முட்டிக்கொண்டு வரும்வரை அடக்கிக் காத்திருக்க வேண்டும். கல் இல்லை. மூத்திரப்பையின் ஓரத்தில் சந்தேகமாக ஓர் இடம் தெரிகிறது, உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்தான் என்ன என்று சொல்லமுடியும் என்று நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். சிஸ்டோஸ்கோப்பி என்று பெயர். "இப்ப வளையுற குழாய் வந்தாச்சு. ஆஸ்பத்திரியில தங்க வைக்கவோ மயக்கவோ வேண்டாம். ஓபியிலயே பாத்துட்டு நீங்களா நடந்து வீட்டுக்குப் போயிரலாம்" என்றார். "தள்ளிப்போடாதீங்க. வலியில்லாம ரத்தம் வந்தா அதத்தான் முதல்ல பாக்கணும்."

நான் தள்ளிப்போட்டேன். காரணம், மச்சினன் ஒரு சொல்லை என் காதில் போட்டான்: கம்பி.

"கம்பிய விடுவான் அத்தான். எங்க கேம்ப்ல ஒரு ஆளுக்கு விட்டாவ. அதுக்குப் பொறவு ஆளு ஆம்பிளயே இல்ல."

"நீ பாத்தியா?"

"கேட்டேன்."

"அவன்கிட்டயா?"

"இல்ல, அவன் ரூம்ல இருந்த ஒருத்தன்கிட்ட."

அந்தக் காலத்தில் இரும்புக் குழாய்தான் இருந்தது, அதை உள்ளே விட முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைக்க வேண்டியிருந்தது என்பது உண்மை. வளைகிற குழாய் வந்த பிறகும் ஊரில் அந்தப் பழைய இரும்பே பேச்சில் நீண்டுகொண்டிருந்தது. பெஞ்சில் கேட்டால் ஒருத்தன் கம்பியின் நீளத்தைக் கையால் காட்டினான். தூண்டில் கம்பளவு இருந்தது.

இரண்டு மாதம் கழித்தேன். அந்த இரண்டு மாதத்தில் மூன்று வள்ளத்துக்குப் பெயர் எழுதினேன், கோயில் திருவிழாவுக்குக் கொடிமரத்துக்கு வர்ணம் அடித்தேன். கேட்டால் வேலை இருக்கிறது என்றேன். சுழலில் மாட்டிக் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க மிதந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பென்சிலைவிட ஒல்லியான ஒரு குழாய்க்கு அத்தனை பேரும் ஒளிந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். நான் சிரிக்கவில்லை, அவர்களோடு ஒளிந்துகொண்டிருந்தேன். மச்சினன் லீவு முடிந்து, மனநிறைவோடு விமானம் ஏறினான்.

பிறகு ஒரு நாள் காலையில் ரத்தம் கட்டிகட்டியாக வந்தது. ஈரல் துண்டு போல. பாதியில் அடைத்துக்கொண்டு, வேர்த்துக்கொட்டி, மறுபடி வழிவிட்டது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் முதன்முறையாக அந்த வார்த்தையை மனசுக்குள் முழுசாகச் சொல்லிப்பார்த்தேன். கேன்சர். சொன்னதும் மகளின் முகம் வந்தது, அவளுக்கு அப்போது பதினேழு.

மனைவி பார்த்துவிட்டாள். "நாளைக்குக் காலம்பற பஸ் ஏறுதோம். வாறீங்களா, இல்ல உங்களுக்குப் பதிலா நான் போயி படுக்கட்டா?"

போனோம்.

அந்த ஓபி வராந்தாவை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மூத்திரக் கோளாறுக்கு மட்டும் பார்க்கிற டாக்டர், வாசலில் அப்படித்தான் போர்டு. எழுத்து நன்றாக இல்லை, நானாக இருந்தால் இடம் விட்டு எழுதியிருப்பேன். அதன் கீழே இருபது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் மூத்திரக் கோளாறு இல்லை. எனக்குப் பக்கத்தில் அஞ்சுகிராமத்துப் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயி. நல்ல வெளுத்த வேட்டி, கையில் சுருட்டிய ஸ்கேன் கவர்.

"என்ன விசயமா வந்திய?" என்றேன்.

"சம்பந்திக்குத் துணைக்கு வந்தேன். நீங்க?"

"முட்டுவலி" என்றேன்.

"முட்டுவலிக்கு இங்கயா?"

"எங்க டாக்டர் இங்க அனுப்பினாரு."

அவர் தலையை ஆட்டினார். இருவரும் ஒருவர் பொய்யை ஒருவர் கௌரவமாக ஏற்றுக்கொண்டோம். கால் மணி நேரத்தில் நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிட, அவர் எழுந்து உள்ளே போனார். சம்பந்தி கடைசிவரை வரவில்லை.

எதிர் பெஞ்சில் பெண்கள். அவர்களிடம் இந்த நாடகமெல்லாம் கிடையாது. சந்தையில் மீன் விற்கிற ஒரு பெண் என் மனைவியிடம் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை சந்தையில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்கமாட்டாளாம், வந்தாலும் அடக்கிவிடுவாளாம். இப்போது மாதம் தவறாமல் நெருப்பாக எரிகிறதாம். "எனக்கும் இன்னைக்குக் குழாய் விட்டுப் பாக்காவளாம்" என்றாள், பஸ் டிக்கெட் எடுக்கப்போவதைச் சொல்வதுபோல. பிறகு எங்கள் வரிசையைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இவியளப் பாருக்கா. ஏதோ தூக்குல போடக் கூட்டிட்டு வந்த மாதிரி. ஒரு பிள்ளயப் பெத்துப்போடச் சொன்னா நாட்டுல ஒருத்தன் மிஞ்சமாட்டான்."

இருபது ஆண்களும் தரையைப் பார்த்தோம். சுத்தமான தரை.

அந்த நேரம் மச்சினன் மஸ்கட்டிலிருந்து போன் செய்தான். "அத்தான், எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுராதீங்க..." மனைவி போனை வாங்கி, "ஏலே, போயி ஏசிய மாட்டு" என்று வைத்தாள்.

என் முறை வருவதற்குள் எனக்கு வயிறு வெடிக்கிற மாதிரி இருந்தது. ஸ்கேனுக்குச் சொன்னதை நினைவில் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டு பாட்டில் பதிமுகத் தண்ணீரையும் குடித்து முடித்திருந்தேன். கேமராவுக்கு என்ன செய்யவேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கேமராவுக்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிடுமே. நர்ஸ் என் நிலையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"யாரு உங்கள இவ்வளவு குடிக்கச் சொன்னது?"

"ஸ்கேனுக்கு அப்பிடித்தான சொன்னாவ."

"அது ஸ்கேனு. இதுக்குப் பை காலியா இருக்கணும். உப்புவெள்ளம் விட்டு நாங்களே நெறப்புவோம். போயி முழுசா ஒழிச்சிட்டு வாங்க. முட்டுவலி வேற இருக்குன்னு அக்கா சொன்னாவ, பாத்து நடங்க."

மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

உள்ளே ஒரு மேசை, ஒரு டிவி. டாக்டர் என்னைவிடக் குட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர். குழாயை என் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னார். கேபிள் டிவி ஒயர் மாதிரி கறுப்பாக, நுனியில் ஒரு சின்ன வெளிச்சம். ஒரு நெம்புகோலை அவர் பெருவிரலால் தட்ட, நுனி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. இரண்டு மாதம் நான் ஒளிந்தது இதற்குத்தான். அதை விட்டெறியலாமா என்று இருந்தது, ஆனால் கோபம் அதன்மேல் இல்லை.

மரத்துப்போகிற களிம்பு ஒன்றைச் செலுத்தினார்கள். சில்லென்று இருந்தது. கொஞ்சநேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு குழாய் போயிற்று. வலி என்று சொன்னால் பொய். ஓரிடத்தில் மட்டும் வாசல் இறுகிக்கொண்டது. "ஒண்ணுக்குப் போற மாதிரி நினைச்சுக்கிடுங்க" என்றார். நினைத்தேன், வழி விட்டது. தண்ணீர் நிறைய நிறைய, முட்டிக்கொண்டு வருவதுபோல ஒரு உணர்வு. அவ்வளவுதான். கம்பி, தூண்டில் கம்பு, ஆம்பிளை, மஸ்கட் கேம்ப், எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான்.

"டிவியப் பாக்கியளா?" என்றார்.

பார்த்தேன். என் உள்ளே இப்படி ஒரு இடம் இருக்கும் என்று நினைத்ததில்லை. முத்துச்சிப்பியின் உட்புறம் மாதிரி வெளிறிய ரோஜா நிறம், அதில் மயிரிழை மயிரிழையாகச் சிவந்த நரம்புகள். ஒரு சின்னத் துவாரத்தைக் காட்டி, "கிட்னியிலேருந்து வர்ற வழி, பாருங்க" என்றார். அது வாய் திறந்து ஒரு சுழிப்பு நீரை விட்டு மூடிக்கொண்டது. தெளிந்த நீர். குழாய் திரும்பியது. இடது ஓரத்தில், பாறை இடுக்கில் அலைக்குத் தகுந்தாற்போல ஆடும் கடல்பூ மாதிரி, ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு காம்பு, அதன்மேல் இழை இழையாக விரல்கள். ஒரு விரல் நுனியிலிருந்து சிவப்பு நூல்போலக் கசிந்துகொண்டிருந்தது. என்ன சிவப்பு என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"இதாக்கும்" என்றார் டாக்டர். குழாயைத் திருப்பிப் பைக்குள் சுற்றிலும் பார்த்தார். "ஒண்ணுதான் இருக்கு. பீடி உண்டா?"

"உண்டு."

"எத்தன வருசமா?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. நர்ஸ் திட்டினாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாள் எரியும், நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று சொல்லி, மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் என் நடையைப் பார்த்தார்கள். ஒருத்தர் மெதுவாகக் கேட்டார், "முட்டுக்குக் கம்பி விட்டாவளா?"

"மூத்திரப்பைக்கு" என்றேன், வராந்தாவுக்கே கேட்கும்படி. "கம்பியும் இல்ல, ஒரு எழவும் இல்ல. போயி படுங்க வோய்."

மீன்காரி கை தட்டினாள்.

மறுவாரம் முதுகில் ஊசி போட்டு அந்தக் கடல்பூவை வெட்டி எடுத்தார்கள். அதற்குத்தான் ஆஸ்பத்திரியில் தங்கவேண்டியிருந்தது. சோதனை ரிப்போர்ட் வந்தது. கேன்சர்தான். ஆனால் உள்தோலோடு நின்றிருக்கிறது, சதைக்குள் இறங்கவில்லை என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தா பையவே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார். அந்த இரண்டு மாதத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. மனைவி சொல்லிவிட்டாள், ஏசி மெக்கானிக் உட்பட. பீடியை அன்றைக்கு விட்டேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை, பயந்தவனிடமிருந்து எதையும் பிடுங்கிவிடலாம்.

மச்சினன் போனில் சொன்னான்: "நான் அப்பவே நெனச்சேன் அத்தான், உள்ள என்னமோ இருக்குன்னு." அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவன் பொய்யை விற்றான் என்றால், வாசலில் காத்துக்கிடந்து வாங்கியவன் நான்.

இது திரும்ப வருகிற ஜாதி, மூன்று மாதத்துக்கொருதரம் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் தடவை அப்படிப் பார்க்கப் போனபோதும் பயந்தேன், ஆனால் குழாய்க்காக இல்லை. மேசையில் படுத்து டிவியைப் பார்த்தேன். வெளிறிய ரோஜா, நரம்புகள், வாய் திறந்து மூடுகிற துவாரம். டாக்டர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "சுத்தமா இருக்கு" என்று குழாயை வெளியே எடுக்கப் போனார்.

"சார், நில்லுங்க" என்றேன். "அந்த இடது ஓரத்த இன்னொருக்கா காட்டுங்க."

நர்ஸ், "வெளிய ஆளு நிக்காவ" என்றாள். டாக்டர் பெருவிரலால் நெம்புகோலைத் தட்டினார். நுனி மெல்லத் திரும்பியது. வெட்டிய இடத்தில் நட்சத்திரம் போலச் சுருங்கிய வெள்ளைத் தழும்பு ஒன்று இருந்தது. அதன்மேல் எதுவும் ஆடவில்லை. நான் கண்ணைச் சுருக்கி, ஓரம் ஓரமாக, எங்காவது ஒரு பொட்டுச் சிவப்பு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"போதுமா?" என்றார்.

"இன்னும் ஒரே ஒருக்கா" என்றேன்.